வரி போனது, பதிவேடு இருக்கிறது: அமெரிக்காவில் முதல் ரைஃபிள் ஒலியடக்கி

2026 ஜனவரி 1ஆம் நாள் முதல், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு குடிமகன் தன் ரைஃபிளுக்கு ஒலியடக்கி வாங்கும்போது மத்திய அரசுக்குச் செலுத்த வேண்டிய வரி 200 டாலரிலிருந்து பூஜ்யமாகிவிட்டது. 1934இல் விதிக்கப்பட்டு, 91 ஆண்டுகளாக ஒரு டாலர்கூட ஏறாமலும் இறங்காமலும் இருந்த அந்த வரி நீங்கியதைப் பலர் ஒலியடக்கி மீதான கட்டுப்பாடே நீங்கியதாகப் புரிந்துகொண்டார்கள். உண்மையில் நீங்கியது தொகை மட்டுமே. விண்ணப்பம், கைரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை, மத்தியப் பதிவேடு, ஒப்புதல் வரும்வரை பொருளை வாங்கியவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்னும் விதி ஆகிய அனைத்தும் அப்படியே இருக்கின்றன. மீறுவோருக்குப் பத்தாண்டு வரையிலான சிறைத் தண்டனையும் இருக்கிறது. முதன்முறையாக வாங்குபவருக்கு வழி மலிவாகியிருக்கிறதே தவிரத் தெளிவாகிவிடவில்லை. கடையில் அவர் தேர்ந்தெடுப்பது ஓர் உலோகக் குழாயை என்றாலும், சட்டத்தின் கண்ணில் அவர் செய்வது ஒரு வரிசை எண்ணையும் தன் பெயரையும் நெடுங்காலத்துக்குப் பிணைத்துக்கொள்வது. அந்தப் பிணைப்பு ஏன், எப்படி உருவானது என்பதை அறிந்தவரால்தான் இன்றைய குழப்பத்தில் சரியாக முடிவெடுக்க முடியும்.

ஒலியடக்கி எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ரைஃபிள் சுடப்படும்போது ஒரே ஓசையாகக் காதில் விழுவதற்குள் மூன்று ஓசைகள் கலந்திருக்கின்றன. மருந்து எரிந்து உண்டான உயரழுத்த வாயு, தோட்டாவின் பின்னால் குழல்வாயிலிருந்து பீறிட்டு வெளிக்காற்றை மோதும்போது எழும் வெடிப்பொலி முதலாவது. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் தோட்டா தன் பாதை நெடுகிலும் எழுப்பும் அதிர்வலையின் சடாரென்ற ஒலி இரண்டாவது. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்களில் இயங்கு பாகங்கள் முன்னும் பின்னும் ஓடி மோதும் உலோகச் சத்தம் மூன்றாவது. இவற்றுள் முதலாவதை மட்டுமே ஒலியடக்கி அடக்குகிறது. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். வேட்டைக்கு வழக்கமாகப் பயன்படும் .308 வகைத் தோட்டா நொடிக்கு 800 மீட்டரை ஒட்டிய வேகத்தில் வெளிவருகிறது. ஆகவே எவ்வளவு விலையுயர்ந்த ஒலியடக்கியைப் பொருத்தினாலும் அந்த அதிர்வலை இருந்தே தீரும். அதையும் தவிர்க்க வேண்டுமானால், .300 பிளாக்அவுட் போன்ற வகைகளில் கிடைக்கும் கனமான, ஒலியைவிட மெதுவாகச் செல்லும் தோட்டாக்களைத்தான் நாட வேண்டும்; அப்போது தோட்டாவின் ஆற்றலும் எட்டும் தூரமும் பெரிதும் குறைந்துவிடும்.

குழாயின் உட்புறத்தில், ரைஃபிள் குழலின் வாயை ஒட்டி ஒரு வெற்றறையும், அதற்கு முன்னால் அடுத்தடுத்து அமைந்த கூம்பு வடிவத் தடுப்புத் தகடுகளும் இருக்கின்றன. ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் தோட்டாவைவிடச் சற்றே பெரிய துளை உண்டு. தோட்டா அதன் வழியே நேராகப் போய்விட, பின்தொடரும் வாயு தகட்டுக்குத் தகடு மோதிச் சுழன்று, விரிந்து, தன் வெப்பத்தை உலோகத்துக்குக் கொடுத்துத் தளர்ந்து, தாமதமாக வெளியேறுகிறது. நீண்ட நேரம் சுடாமல் வைத்திருந்த ஒலியடக்கியில் முதல் வெடி மட்டும் சற்று உரக்கக் கேட்பதற்குக் காரணம் உள்ளே தேங்கியிருக்கும் காற்று. அதிலுள்ள ஆக்சிஜனில் எரியாத மருந்துத் துகள்கள் மீண்டும் பற்றிக்கொள்கின்றன. இரண்டாவது வெடியிலிருந்து உள்ளே எரிந்த வாயுவே நிறைந்திருப்பதால் ஒலி தாழ்கிறது. தொடர்ந்து சில பத்து முறை சுட்டால் குழாய் கையைப் பொசுக்கும் அளவுக்குச் சூடேறி, அதன்மேல் எழும் வெப்பக்காற்று தொலைநோக்கியில் தெரியும் இலக்கை அலைபாயச் செய்யும். வெற்றுக் கையால் கழற்ற முயன்று கொப்புளம் வாங்கிக்கொள்வது புதியவர்களுக்கு அடிக்கடி நேர்வது.

அடக்கம் எவ்வளவு என்பதை டெசிபல் கணக்கில் சொல்வார்கள். டெசிபல் கூட்டல் அளவன்று, பெருக்கல் அளவு: 10 டெசிபல் குறைந்தால் ஒலிச்செறிவு பத்தில் ஒரு பங்காகிறது, 30 டெசிபல் குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்காகிறது. ஏ.ஆர்.-15 வகை ரைஃபிளின் வெடிப்பொலி 165 டெசிபலை ஒட்டியது. நல்ல ஒலியடக்கி அதை 20 முதல் 35 டெசிபல் வரை தாழ்த்துகிறது. திடீர் வெடிப்பொலிக்கு 140 டெசிபல் என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட அபாய எல்லை. எனவே ஒலியடக்கி ரைஃபிளை ஓசையற்றதாக்குவதில்லை. ஒரே வெடியில் செவியை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடிய ஒலியை அந்த எல்லையின் அருகிலோ சற்றுக் கீழேயோ கொண்டுவருகிறது. உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை என்பதால் இந்த வேறுபாடு சிறிதன்று. அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் இழப்பீடு பெறும் உடற்குறைகளில் காதிரைச்சல் முதலிடத்தில் இருப்பதும், 2020 இறுதியில் அந்நாட்டு மரைன் படை தன் காலாட்படைப் பிரிவுகளுக்கு ஒலியடக்கிகளைப் பரவலாக வழங்கத் தொடங்கியதும் இந்தப் பின்னணியில் புரியும். அதேவேளை, ஒலியடக்கி இருக்கும்போதும் காதடைப்பானை அணிவதே அறிவுடைமை. விளம்பரங்கள் இதை உரக்கச் சொல்வதில்லை.

இக்கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் ஹைரம் பெர்சி மேக்ஸிம் (1869–1936). எந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் ஸ்டீவன்ஸ் மேக்ஸிமின் மகனான அவர், மோட்டார் வாகனப் பொறியியலிலும் பின்னாளில் அமெச்சூர் வானொலி இயக்கத்திலும் முன்னோடி. 1909இல் தன் ஒலியடக்கிக்குக் காப்புரிமை பெற்று, கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரிலிருந்து சில டாலர் விலைக்கு விற்றார். அண்டை வீட்டாரைத் தொந்தரவு செய்யாமல் கொல்லைப்புறத்தில் இலக்குப் பயிற்சி செய்யும் நாகரிகமான துணைக்கருவி என்றே அது விளம்பரப்படுத்தப்பட்டது. குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டின் வின்செஸ்டர் ரைஃபிளிலும் அது இடம்பெற்றிருந்தது. அதே தத்துவத்தை எஞ்சின்களின் புகைபோக்கிக்கும் தொழிற்சாலை இயந்திரங்களுக்கும் விரித்த மேக்ஸிமின் நிறுவனம், 1920களின் நடுவிலேயே துப்பாக்கி ஒலியடக்கிகளை விட்டுவிட்டுத் தொழிலக ஒலித்தடுப்பில் நிலைபெற்றது. தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் சுமக்கும் சைலன்சருக்கும் இதற்கும் அடிப்படை இயற்பியல் ஒன்றே.

1934ஆம் ஆண்டின் தேசிய சுடுகலச் சட்டம் வேறொரு சூழலில் பிறந்தது. மதுவிலக்குக் காலத்தின் கும்பல் வன்முறை நாட்டை உலுக்கியிருந்த நேரத்தில், ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அரசின் தலைமைச் சட்ட அதிகாரி ஹோமர் கம்மிங்ஸ் எந்திரத் துப்பாக்கிகளையும் குழல் அறுத்த ஷாட்கன்களையும் ஒடுக்க விரும்பினார். ஆயுதங்களை நேரடியாகத் தடைசெய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டா என்பது ஐயமாக இருந்ததால், வரிவிதிப்பு அதிகாரத்தின் வழியே அதைச் செய்யலாம் என்பது தீர்வாயிற்று: ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் 200 டாலர் வரி, வரி செலுத்தப்பட்டதைச் சரிபார்க்க ஒரு பதிவேடு. அன்றைய 200 டாலர் இன்றைய மதிப்பில் 4,500 டாலருக்கும் மேல். தாம்ஸன் கைஎந்திரத் துப்பாக்கியின் அப்போதைய விலையும் ஏறத்தாழ அவ்வளவே. எந்திரத் துப்பாக்கியின் விலையை இரட்டிப்பாக்கிய அவ்வரி, சில டாலர் ஒலியடக்கியின் விலையைப் பல மடங்காக்கி, அந்தச் சந்தையையே அடியோடு அழித்தது.

ஒலியடக்கி ஏன் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது என்பதற்கு அச்சட்டம் குறித்த நாடாளுமன்ற விசாரணைப் பதிவுகளில் தெளிவான காரணம் கிடைப்பதில்லை. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் பசிக்காக நடந்த திருட்டு வேட்டையைத் தடுக்கவே என்னும் விளக்கம் பரவலாகச் சொல்லப்பட்டாலும், அதற்கு அப்பதிவுகளில் உறுதியான சான்று இல்லை. இந்த இடைவெளிதான் பிற்காலச் சிக்கல்கள் அனைத்துக்கும் ஊற்று. எந்த ஆபத்தைத் தடுக்க இந்த விதி வந்தது என்று எழுதி வைத்திருந்தால், அந்த ஆபத்து இன்றும் இருக்கிறதா, விதி அதைத் தடுக்கிறதா என்று அளந்து பார்க்க முடிந்திருக்கும். அளவுகோலே இல்லாததால், ஆதரிப்போரும் எதிர்ப்போரும் தத்தம் கற்பனையிலுள்ள 1934ஐ முன்வைத்து வாதிடுகிறார்கள். உச்ச நீதிமன்றமோ 1937இல் சோன்சின்ஸ்கி வழக்கில், வருவாய் தரும் வரி என்ற அளவில் இச்சட்டம் செல்லும் என்று கூறிவிட்டு, அதன் உள்நோக்கத்தை ஆராய மறுத்துவிட்டது.

நெடுங்காலம் ஒலியடக்கி வாங்குவது பொறுமையைச் சோதிக்கும் செயலாகவே இருந்தது. உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் முழு விலையையும் கொடுத்துவிட்டு, கைமாற்றத்துக்கான படிவம் 4ஐ நிரப்பி, கைரேகை அட்டைகளையும் புகைப்படத்தையும் இணைத்து, மது, புகையிலை, சுடுகலன், வெடிபொருள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். சுருக்கமாக ஏ.டி.எஃப். எனப்படும் இந்த ஆணையம் வரித்துறை சார்ந்த நிதி அமைச்சகத்தில் இருந்து, 2003இல் நீதித்துறைக்கு மாற்றப்பட்டது. உள்ளூர்க் காவல் தலைவர் அல்லது ஷெரிஃபின் கையொப்பமும் தேவைப்பட்டது. அவர் காரணம் எதுவும் சொல்லாமல் மறுக்கலாம் என்பதால், சட்டப்படி தகுதியுள்ள பலர் ஓர் அதிகாரியின் விருப்பு வெறுப்பில் சிக்கினார்கள். அதைத் தவிர்க்கவே, பொருளைத் தனிநபர் பெயரில் அல்லாமல் ஒரு ட்ரஸ்டின் பெயரில், அதாவது சொத்தைப் பலர் கூட்டாக நிர்வகிக்கும் சட்ட அமைப்பின் பெயரில், வாங்கும் வழக்கம் பெருகியது. அப்போது ட்ரஸ்டுகளுக்குக் கையொப்பமோ கைரேகையோ கேட்கப்படவில்லை. 2016 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 41எஃப் விதி இரண்டையும் ஒருசேர மாற்றியது. கையொப்பம் ஒழிந்து, காவல் அதிகாரிக்கு வெறும் தகவல் தெரிவித்தால் போதும் என்றாயிற்று. மறுபுறம் ட்ரஸ்டின் பொறுப்பாளர்கள் ஒவ்வொருவரும் கைரேகையும் புகைப்படமும் தரவேண்டியதாயிற்று. 2021 டிசம்பரில் படிவம் 4ஐ இணையவழியே அனுப்பும் வசதி வந்தது. பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டுவரை நீண்ட காத்திருப்பு, 2024 தொடங்கிச் சில காலம் பலருக்குச் சில நாள்களாகச் சுருங்கியது. அண்மைக் காலத்தில் மக்களைத் தடுத்ததில் இந்தக் காத்திருப்புக்கும் பங்கு உண்டு. ஆனாலும் காத்திருப்பு நீண்டிருந்தபோதே பதிவுபெற்ற ஒலியடக்கிகளின் எண்ணிக்கை ஏறிவந்தது. 2017இல் ஏறத்தாழ 13 லட்சமாக இருந்தது, 2021இல் 26 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதன்பின் இன்னும் வேகமாக ஏறியது.

குற்றச் செயல்களில் ஒலியடக்கியின் பங்கு என்ன என்ற கேள்வியை எந்தத் தரப்பும் தவிர்க்கக் கூடாது. 2017 ஜனவரியில் ஏ.டி.எஃப்.இன் உயர் அதிகாரி ரொனால்டு டர்க் எழுதிய ஆய்வறிக்கை, ஒலியடக்கி தொடர்பான குற்றங்களுக்காக ஆண்டுக்குச் சராசரியாக 44 பேர்மீதே வழக்குத் தொடரப் பரிந்துரைக்கப்பட்டதாகவும், குற்றங்களில் அது பயன்படுவது மிக அரிது என்றும் குறிப்பிட்டது. எனினும் அரிது என்பது இல்லை என்பதாகாது. 2019 மே 31 அன்று வர்ஜீனியா பீச் நகராட்சி அலுவலகத்தில் 12 பேரைக் கொன்றவரின் கைத்துப்பாக்கியில் ஒலியடக்கி இருந்தது. 2024 டிசம்பர் 4 அன்று நியூயார்க்கில் ஒரு காப்பீட்டு நிறுவனத் தலைவர் சுட்டுக்கொல்லப்பட்டபோதும் இருந்தது. குற்றம் அரிதாயிருப்பது பதிவேடு வேலை செய்வதாலா, அல்லது குற்றவாளிகளுக்கு அது தேவைப்படாததாலா என்பதை இந்த எண்களைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க முடியாது. கட்டுப்பாட்டை நீக்கக் கோருவோர் முதல் சாத்தியத்தையும், காக்கக் கோருவோர் இரண்டாவதையும் பேசாமல் கடந்துபோவது விவாதத்தின் பெருங்குறை.

ஐரோப்பிய நடைமுறை இவ்விடத்தில் கவனத்துக்குரியது. அமெரிக்காவைவிடக் கடுமையாகத் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தும் நாடுகள் சில, ஒலியடக்கியை வேட்டைக்காரரின் செவிக்காப்பாகவே பார்க்கின்றன. ஜெர்மனி 2020இல் செய்த சட்டத்திருத்தம், வேட்டை உரிமம் உள்ளவர்கள் ரைஃபிள் ஒலியடக்கியைப் பயன்படுத்த வழிவகுத்தது. ஆனால் அங்கே துப்பாக்கி வைத்திருப்பவரும் துப்பாக்கியும் ஏற்கெனவே கடும் உரிம முறைக்குள் இருப்பதால், அந்த எடுத்துக்காட்டை அமெரிக்காவுக்கு அப்படியே பொருத்த முடியாது.

ஒலியடக்கியைத் தேசிய சுடுகலச் சட்டத்திலிருந்து முற்றிலும் நீக்கும் செவிப் பாதுகாப்பு மசோதா 2015இல் முதலில் கொண்டுவரப்பட்டது. அடுத்தடுத்து வந்த நாடாளுமன்றங்களில் மீண்டும் மீண்டும் முன்வைக்கப்பட்டும் நிறைவேறவில்லை. 2017 அக்டோபரில் லாஸ் வேகஸில் நடந்த படுகொலைக்குப் பின் அவ்வாண்டின் முயற்சி நின்றேபோயிற்று. 2025இல் திடீரெனக் கதவு திறந்ததற்குக் காரணம் நாடாளுமன்ற நடைமுறை ஒன்று. அமெரிக்க செனட்டில் சாதாரண மசோதா முன்னேற 60 வாக்குகள் தேவைப்படும் நிலை உண்டு. வரவுசெலவு ஒத்திசைவு எனப்படும் தனி வழியில் வரும் நிதி மசோதாவுக்குப் பெரும்பான்மை மட்டும் போதும். ஒலியடக்கி மீதானது வரி என்பதால் அந்த வழியில் அதைத் தொட முடிந்தது. 2025 மே 22 அன்று பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய வடிவம், வரியோடு பதிவையும் நீக்கியது. ஆனால் நிதி விளைவு பெயரளவுக்கே இருக்கும் பிரிவுகளை இவ்வழியில் நுழைக்கக் கூடாது என்னும் பெர்டு விதியைச் சுட்டி, செனட்டின் நடைமுறை ஆலோசகர் எலிசபெத் மெக்டொனா பதிவுநீக்கத்தை ஏற்க மறுத்தார். எஞ்சியது வரிக்குறைப்பு மட்டும். ஜூலை 4 அன்று குடியரசுத் தலைவர் கையொப்பமிட்ட சட்டம், ஒலியடக்கிகளுக்கும் குறுங்குழல் ரைஃபிள், ஷாட்கன்களுக்கும் வரியைப் பூஜ்யமாக்கி, எந்திரத் துப்பாக்கிகளுக்கும் அழிவுக் கருவிகளுக்கும் 200 டாலரை அப்படியே விட்டுவைத்தது.

காரணம் எழுதப்படாமல் வந்த ஒரு கட்டுப்பாடு, காரணம் ஆராயப்படாமலே பாதி கழற்றப்பட்டது. செவியின் நலம், பொதுப் பாதுகாப்பு, வேட்டை நிலங்களை ஒட்டி வாழ்வோரின் அமைதி, துப்பாக்கிச் சூட்டைக் கேட்டு ஓடித் தப்பும் வாய்ப்பு ஆகியவை வெளிப்படையாக விவாதிக்கப்பட்டு முடிவு காணப்பட வேண்டியவை. நிதி மசோதா ஒன்றின் ஓரப்பிரிவில் முடியத் தக்கவை அல்ல. எந்தப் பக்கம் நின்றாலும் குடிமக்களுக்கு இதில் இழப்பே.

வரி பூஜ்யமானதும் சட்டத்தின் அடித்தளமே கேள்விக்குள்ளானது. வசூலிக்க வரியே இல்லாதபோது, வரியைச் சரிபார்க்க ஏற்பட்ட பதிவேடு எந்த அதிகாரத்தின் மேல் நிற்கிறது என்று கேட்டு, 2025 கோடையிலேயே டெக்சஸிலும் மிசூரியிலும் மத்திய நீதிமன்றங்களில் வழக்குகள் தொடரப்பட்டன. ஆயுத உரிமை தரும் இரண்டாவது அரசியல் சட்டத் திருத்தத்தைச் சார்ந்த வாதம் இதிலிருந்து வேறானது. ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 பிப்ரவரியில், ஒலியடக்கி ஓர் ஆயுதமே அன்று, ஆகவே அவ்வுரிமையின் காப்பு அதற்கில்லை என்று தீர்ப்பளித்தது. பின்னர் அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்று, ஆகஸ்டில், காப்பு உண்டு என்று வைத்துக்கொண்டாலும் தகுதியுள்ளவருக்கு மறுக்காமல் வழங்கும் இந்தப் பதிவுமுறை செல்லும் என்று கூறியது. ஆறே மாதத்தில் ஒரே நீதிமன்றத்தின் காரணவழி இப்படி மாறியது, வாங்குபவருக்குச் சொல்லும் செய்தி தெளிவு: தீர்ப்பு வரும், விதி போகும் என்று எதிர்பார்த்துப் பதிவைத் தவிர்ப்பதோ, தானாக எதையாவது செய்துபார்ப்பதோ பெரும் ஆபத்து.

கேன்சஸ் மாநிலத்தில் நடந்ததே இதற்குப் போதிய எடுத்துக்காட்டு. அம்மாநிலத்துக்குள்ளேயே செய்யப்பட்டு அங்கேயே இருக்கும் ஆயுதங்களுக்கு மத்தியச் சட்டம் பொருந்தாது என்று 2013இல் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அதை நம்பி உள்ளூர்க் கடையில் பதிவற்ற ஒலியடக்கி வாங்கியவரும் விற்றவரும் மத்திய நீதிமன்றத்தில் குற்றவாளிகளாயினர். 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது, 2019இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. மாநிலச் சட்டத்தை நம்பி நடந்தோம் என்பது அவர்களைக் காக்கவில்லை. துப்பாக்கியைத் துடைக்கும் கரைப்பானைச் சேகரிக்கும் குழாய் என்ற பெயரில் விற்கப்படும் பெட்டிகளும் இத்தகைய பொறியே. ஒலியடக்கியின் பாகங்களையும் ஒலியடக்கியாகவே கருதும்படி 1986இல் சட்டம் விரிவாக்கப்பட்டிருப்பதை அறியாமல் அவற்றை வாங்கியவர்கள் பலர் பின்னர் இடர்ப்பட்டார்கள்.

வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தன் மாநிலச் சட்டத்தை. கலிஃபோர்னியா, டெலவேர், ஹவாய், இல்லினாய், மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி, நியூயார்க், ரோட் ஐலண்ட் ஆகிய எட்டு மாநிலங்களில் குடிமக்கள் ஒலியடக்கி வைத்திருக்கவே முடியாது; கனெக்டிகட்டில் வைத்திருக்கலாம், வேட்டைக்குப் பயன்படுத்த இயலாது. பதிவுபெற்ற ஒலியடக்கியை அனுமதிக்கும் மாநிலங்களுக்கிடையே எடுத்துச் செல்ல மத்திய அரசின் முன்அனுமதி தேவையில்லை என்றாலும், வேலை மாற்றலாகித் தடையுள்ள மாநிலத்துக்குக் குடிபெயர்பவர் அதைக் கூடவே கொண்டுபோக முடியாது.

அடுத்தது யார் பெயரில் என்பது. தனிநபர் பெயரில் வாங்குவது எளிது, விரைவானது. ஆனால் பதிவுபெற்றவர் இல்லாதபோது வேறொருவர் அதைத் தன்வசம் வைத்திருக்கக் கூடாது. வீட்டுப் பெட்டகத்தின் சாவி மனைவியிடமும் இருந்தால், அவரும் சட்டப்படி அதை வைத்திருப்பவராகக் கருதப்பட வாய்ப்புண்டு. குடும்பமாகப் பயன்படுத்த எண்ணுவோருக்கு ட்ரஸ்ட் இன்றும் பொருத்தமானது. ஒவ்வொரு பொறுப்பாளரும் கைரேகை தரவேண்டும் என்பதே அதன் சுமை.

பொருளைத் தேர்வதில் முதல் முடிவு துளையின் அளவு. .30 அளவுள்ள ஒலியடக்கியை .308 ரைஃபிளிலும் 5.56 மி.மீ. ரைஃபிளிலும் பொருத்தலாம், சிறிய தோட்டாவுக்கு ஒலி சற்றுக் கூடும், அவ்வளவே. சிறிய துளையில் பெரிய தோட்டாவைச் செலுத்தினாலோ பேரழிவு. ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பதிவு வேண்டியிருப்பதால், முதல் ஒலியடக்கி பல ரைஃபிள்களுக்கு உதவுவதாக இருப்பதே நல்லது என்னும் அனுபவசாலிகளின் அறிவுரை வரி நீங்கிய பின்னும் பொருந்தும். குழல்வாயின் மரை பொதுவாக 5.56 ரைஃபிள்களில் அரை அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 28 மரையும், .308 ரைஃபிள்களில் ஐந்தெட்டு அங்குல விட்டமும் 24 மரையுமாக இருக்கும். பின்முனையில் 1.375 அங்குலப் பொது மரை உள்ள ஒலியடக்கியை வாங்கினால், பிடிப்பானை மட்டும் மாற்றி, துளையளவு பொருந்தும் வேறு குழல்களுக்கும் பொருத்திக்கொள்ளலாம். பிடிப்பான் பதிவுக்கு உட்பட்ட பொருளன்று.

வேட்டைக்காக மலையேறுபவருக்கு 300, 400 கிராமுக்குள் அடங்கும் டைட்டானியம் ஏற்றது. ஆனால் விரைந்து பல முறை சுடுவதன் வெப்பத்தை அது தாங்காது. அதற்குத் துருப்பிடிக்காத எஃகோ இன்கோனெல் உலோகக் கலவையோ வேண்டும், எடையும் கூடும். தானாக ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்களில் வேறொரு சிக்கல் உண்டு: அடைபட்ட வாயு பின்னோக்கித் தள்ளி, இயங்கு பாகங்களை வேகப்படுத்தி, ஈயத்துகள் கலந்த புகையைச் சுடுபவரின் முகத்தில் அடிக்கும். வாயுவை முன்னோக்கியே வழியவிடும்படி முப்பரிமாண அச்சில் உருவாக்கப்பட்ட புதிய வடிவமைப்புகள் இதைக் குறைக்கின்றன. ஒலியடக்கத்தில் சற்று விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். விளம்பரத்தில் உள்ள டெசிபல் எண்ணைக்கொண்டு இவற்றை ஒப்பிட முடியாது. ஒலிவாங்கி குழல்வாயருகே இருந்ததா, சுடுபவரின் காதருகே இருந்ததா, குழலின் நீளம் என்ன என்பவற்றைப் பொறுத்து எண் மாறும். வாங்குபவருக்கு வேண்டியது காதருகே எடுத்த அளவு.

பொருத்திய பின், முதல் தோட்டாவைச் செலுத்துவதற்கு முன் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. ரைஃபிளில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்து, குழலின் உள்விட்டத்துக்குப் பொருந்தும் நேரான எஃகுக் கம்பியைப் பின்புறமிருந்து செலுத்தி, ஒலியடக்கியின் முன்துளையில் அதன் நுனி நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டி நின்றால் மரை கோணலாக வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். அப்படியே சுட்டால் தோட்டா தகடுகளை உரசிக் கிழிக்கும். மரையோ தகடோ கெட்டால் பழுதுபார்க்கலாம். வரிசை எண் பொறித்த குழாயே சிதைந்தால், பொதுவாக அதற்கு மாற்றுக் குழாய் என்று ஒன்று கிடையாது. புதிய பொருள், புதிய விண்ணப்பம். நெடுங்காலம் நிலைத்திருக்கக்கூடிய, பழுதுநீக்க உறுதி தரும் தயாரிப்பாளரைத் தேடச் சொல்வதன் காரணமும் இதுவே.

ஒப்புதல் பெற்ற படிவமே உரிமைக்குச் சான்று என்பதால், அதன் நகல் ஒலியடக்கி போகும் இடமெல்லாம் உடன்போக வேண்டும், மூலம் வீட்டில் பத்திரமாக இருக்க வேண்டும். பதிவுபெற்றவர் இறந்தால் படிவம் 5 வழியாக அது சட்டப்படியான வாரிசுக்கு மாறும். வரி 200 டாலராக இருந்த காலத்திலும் வாரிசுரிமைக்கு வரி கிடையாது. வாரிசு தடையுள்ள மாநிலத்தில் வாழ்பவராக இருந்தால் மாற்ற முடியாது, உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ அரசிடமோ ஒப்படைக்க வேண்டியிருக்கும். எனவே உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருப்பவருக்கு அப்படிவம் எங்கே இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். காகிதம் கிடைக்காத வீட்டில் எஞ்சும் ஒலியடக்கி, பதிவு இருந்தும் பதிவற்றதுபோலவே முதலில் நடத்தப்படும்.